மஞ்சள் பையின் பயணம்

சனிக்கிழமை காலை அந்த ஐரோப்பியத் துறைமுக நகரத்தில் இறங்கினோம். மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கப்பல். என் மனைவி சௌந்தரம் திடுக்கிட்டாள். "ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி ராகு காலமாச்சே! நான் ஏற மாட்டேங்க."

"கேப்டன்கிட்டச் சொல்லி நேரத்தை மாத்தட்டுமா?"

அவள் முறைத்தாள். நல்ல நேரத்தில் ஒரு சாமானை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கொள்வது எங்கள் ஊர் வழக்கம். அப்படியே, தன் புடவை வைத்த மஞ்சள் பையைக் கடலோரக் காபிக் கடைக் கிழவரிடம் சைகையில் ஒப்படைத்தாள்.

"கிளம்பியாச்சு. இனி ஊர் சுத்தலாம்."

டிராமில் போனோம், கை வழிய ஐஸ்கிரீம் தின்றோம். சாயங்காலம் திரும்பினால், கிழவர் பையைக் கடல் பார்த்த நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே ஒரு காபியும் வைத்திருந்தார்.

சௌந்தரம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பாருங்க, நான் எவ்வளவு ஜம்முனு போயிட்டிருக்கேன்!"