டீ நேரத்து முகவுரை

அரசியல் சாசன நாளை வேலை கெடாமல் கொண்டாடுவது எப்படி, தெரியுமா உங்களுக்கு? அந்தத் தையல் கம்பெனி சூப்பர்வைசரைக் கேளுங்கள். டீ நேரத்தில் கொண்டாடிவிடுவார்.

"உங்க உரிமைக்கான விழா. அதனால உங்க நேரத்துலதான் நடக்கணும்" என்று நியாயம் வேறு சொன்னார்.

காலர் தைக்கிறவள் கையைப் பிசைந்தாள்.

"சார், மாமியார் பிள்ளையைத் தூக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. இப்ப பால் குடுக்கலேன்னா சாயங்காலம் வரைக்கும் பட்டினி சார். புட்டிப்பால் தொடமாட்டேங்குறான்."

"நாட்டோட சாசனம் பெருசா, உன் பிள்ளை பெருசா? சாசனத்தோட முகவுரையை வாசிக்கிற வீடியோ மேலிடத்துக்குப் போகணும். வாசிச்சு முடியற வரைக்கும் யாரும் குறுக்க வாயைத் திறக்கக்கூடாது. நானும்தான்!"

எல்லோரும் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். முன்வரிசை நடுவில், நெஞ்சில் கை வைத்தபடி சூப்பர்வைசர். எதிரே மேஜைமேல் ஏறி நின்று வாசிக்கத் தொடங்கினாள், அயர்ன் போடும் அக்கா.

"மக்... மக்களாகிய... நாம்..."

சொல்லுக்கொரு இருமல். நடுவில் கண்ணாடியைத் துடைத்தாள். விட்ட வரியைப் பிடித்தாள், பிடித்த வரியை விட்டாள்.

பட்டன் தைக்கிறவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"நேத்து தொடர்கதையை மூச்சுவிடாம படிச்சா. இன்னிக்கு நாக்குல சுளுக்கா? அங்க டீ ஆடை கட்டுது!" என்று பக்கத்திலிருந்தவளிடம் பல்லைக் கடித்தாள்.

அக்கா ஒரு சொல் வாசிப்பாள். எல்லார் தலைக்கும் மேலே வாசலைப் பார்ப்பாள். அப்புறம்தான் அடுத்த சொல்.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? பட்டன்காரி மெல்லத் திரும்பினாள்.

காவலாளியின் நாற்காலியில் காலர்காரி. முந்தானைக்கு வெளியே இரண்டு குட்டிக் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. மாமியார் இப்போதுதான் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக் கொடுத்தாள்.

முகவுரை முடிந்தது. பாவம், இழுக்க அக்காவிடம் இனி ஒரு சொல்லும் மிச்சமில்லை.

"அப்பாடா! கிளம்புங்க, மிஷினுக்குப் போங்க!" சூப்பர்வைசர் வாசல் பக்கம் திரும்பப் போனார்.

பட்டன்காரி சட்டென்று கையைத் தூக்கினாள்.

"சார், சார்! பின்னாடி நின்ன எங்களுக்கு ஒண்ணுமே காதுல விழல. மேலிடத்துல கேட்டா என்ன சொல்றது? அக்காவை முதல்லேருந்து இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்க சார்!"