பருப்புச் சோறு

குயிலியின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. அப்புறம் அம்மா சாப்பிடுவதுகூட இடக்கையால்தான்.

"அக்கா, பிள்ளைக்கும் நானே ஊட்டட்டுமா?" என்று இடக்கை கேட்டது.

"பீச்சாங்கையாலயா? போடி! நான் சரியாகி வர்றேன். அதுவரைக்கும் அவ அப்பா ஊட்டட்டும்" என்றது வலக்கை.

வலக்கை தினமும் கொண்டைக்கடலை பொறுக்கிப் பழகியது. உருண்டோடியதையெல்லாம் இடக்கை எடுத்துக் கிண்ணத்தில் போட்டது.

ஒரு மத்தியானம் வலக்கை பருப்புச் சோற்றை ஒருவழியாக உருண்டை பிடித்துவிட்டது. நடுங்கி நடுங்கிக் குயிலியின் வாய்வரை கொண்டுபோனது.

குயிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நானே சாப்புடுவேன்."

தட்டிலிருந்து அள்ளி அள்ளித் தின்றாள், அம்மாவைப் போலவே, இடக்கையால்.

"நான் சொல்லிக் குடுக்கலக்கா" என்றது இடக்கை.

வலக்கையில் இருந்த உருண்டை பிரிந்து அம்மா மடியில் கொட்டியது.