பன்னிரண்டு மணி அறிவிப்பு

மேஜைத் தொலைபேசி அடித்தபோது மணி பதினொன்று நாற்பது.

அரசாங்கம் கடன் வாங்குவதற்காகப் பத்திரங்களை ஏலம் விடும் பிரிவு அது. அவள்தான் அதிகாரி. ஏல நாளில் எல்லோருடைய கைபேசியும் வாசலிலுள்ள பெட்டிக்குள் போய்விடும். மிஞ்சுவது இந்த ஒரு தொலைபேசி. அதில் பேசுவதெல்லாம் பதிவாகும்.

அப்பாதான்.

"தரகர் ஆபீஸ்ல இருக்கேம்மா. நம்ம பழைய பத்திரத்தை இப்பவே வித்துடவா, இல்ல சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பாக்கவா?"

அம்மாவின் இதய ஆபரேஷனுக்கு நாளைக் காலை பணம் கட்டியாக வேண்டும். ஓய்வுபெற்றபோது வந்ததையெல்லாம் அப்பா அந்தப் பத்திரத்தில்தான் போட்டிருந்தார். இப்போதைய விலைக்கு விற்றால் ஆபரேஷனுக்குச் சரியாக இருக்கும். ஒரு காசு மிஞ்சாது.

அவள் கண் முன்னே திரையில் ஏலக் கணக்கு.

அரசாங்கத்துக்கும் மாசக் கடைசி உண்டு. குறைந்த வட்டிக்குக் கடன் தர வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேவையான தொகை சேர, ஒன்பதரை சதவீதம் கேட்டவர்வரை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மேலதிகாரி கையெழுத்தும் போட்டுவிட்டார். பன்னிரண்டு மணிக்கு அறிவிப்பு.

அப்பாவின் பத்திரத்துக்கு வட்டி ஏழுதான். ஒன்பதரைக்குப் புதுசு கிடைக்கும்போது ஏழே சதவீதம் கொடுப்பதை எவன் நல்ல விலைக்கு வாங்குவான்? பன்னிரண்டு அடித்ததும் பத்தில் ஒரு பங்காவது போய்விடும்.

'வித்துடுங்க' என்றால் வேலை போகும், சிறையும் உண்டு. 'நான் சொல்லக் கூடாதுப்பா' என்றாலே அப்பா புரிந்துகொள்வார். பதிவைக் கேட்பவனும் புரிந்துகொள்வான். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அவளுக்கு அழுகை முட்டியது. நாட்டுக்கே வட்டி நிர்ணயிக்கிற அறையில் உட்கார்ந்திருந்து என்ன, பெற்றவளுக்காக ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லை.

"உங்க இஷ்டம்ப்பா."

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அப்படி வந்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அப்பா எதையும் தள்ளிப்போடுகிறவரல்ல. ஆற அமர யோசிக்கும் பழக்கமே கிடையாது. இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, விற்றுவிடுவார். அந்த இருபது நிமிஷத்தில் அவள் வேண்டாத தெய்வமில்லை.

அறிவிப்பு போனது. கால் மணி நேரத்தில் பழைய பத்திரங்களெல்லாம் மளமளவென்று சரிந்தன.

பெட்டியைத் திறந்ததும் முதல் ஆளாகக் கைபேசியை எடுத்து அப்பாவை அழைத்தாள்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தார். பக்கத்தில் அம்மா ஏதோ கேட்பது காதில் விழுந்தது. அப்பாவின் குரலில் அப்படியொரு நிம்மதி.

"விக்கலம்மா. விலை இறங்குறதா இருந்தா, பெத்த பொண்ணு நீ சொல்லாமலா இருந்திருப்பே?"