கிணற்றோரம் காய்ந்த ராகி

அவ்வளவு பெரிய மொட்டை மாடியை வைத்துக்கொண்டு, யுவராணி ராகியைக் காயப் போட்டது குள்ளம்மாள் வீட்டுப் பக்கமாக, கிணற்றோரத்தில்.

அதுவும் விடிந்ததும் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், தார்ப்பாயை விரித்திருந்தாள்.

கொழுந்தன் பெண்டாட்டி. பெயரிலேயே ராணி. பென்னாகரம் ரோட்டைப் பார்த்த புது வீடு, கண் கூசும் டைல்ஸ், இப்போது வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். போகட்டும் என்றுதான் இருந்தாள் குள்ளம்மாள். வயிற்றெரிச்சல்தான் விடவில்லை.

அதனால்தான் பெயர் போடாமல் ஒரு மனு. இரண்டு வீடும் குடிக்கிற கிணறு. செப்டிக் டேங்கை ஐம்பது அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்கிற விதி இவர்களுக்கு மட்டும் கிடையாதா என்று.

இன்றைக்குப் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஆள் வந்துவிட்டார். டேங்கை இடிக்கச் சொல்வார். அந்த முகம் வாடுவதை ஒரு தடவை பார்த்தால் போதும் குள்ளம்மாளுக்கு.

கிணற்று மேட்டிலிருந்து டேப் நீண்டது. கறிவேப்பிலைச் செடியைத் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தது.

"அறுபதுக்கு மேல போவுது. பர்மிஷனும் சரியா இருக்குது. எந்தப் புண்ணியவான் மனு போட்டானோ," என்று டேப்பைச் சுருட்டினார் அவர். பிறகு சும்மா கேட்பதுபோல் குள்ளம்மாள் பக்கம் திரும்பினார். "உங்களுது எங்கம்மா இருக்குது?"



"அக்காளுது அந்தப் பக்கங்க சார்," என்று குறுக்கே வந்தாள் யுவராணி. "பாத்துங்க, களி கிண்டுற ராகி. செருப்போட மெதிச்சீங்கன்னா மத்தியானம் உங்களுக்குத்தான் போடுவேன்."

அவர் சிரித்துக்கொண்டே தார்ப்பாயைச் சுற்றிப் போய் வண்டியை எடுத்தார்.

வண்டிச் சத்தம் அடங்கியது. வெயில் இன்னும் உச்சிக்குக்கூட வரவில்லை. யுவராணி ராகியை அள்ளத் தொடங்கினாள்.

தார்ப்பாயை உருவியபோது, அடியில் சிமெண்டுப் பலகையும் அதன் இரும்பு வளையமும் தெரிந்தன. குள்ளம்மாள் வீட்டுக் கக்கூஸ் குழியின் மூடி. கிணற்றுக்கும் அதற்கும் நடுவே ஒரு குடம் வைக்கத்தான் இடம்.

"மழைக்கு முன்னால இதையும் எங்க டேங்குலயே சேத்துக்கலாம்க்கா," என்றாள் யுவராணி, நிமிராமல்.

அந்தப் புது வீட்டைப் பார்த்துக்கூட குள்ளம்மாளுக்கு வயிறு இப்படி எரிந்ததில்லை.