வீட்டில் ஆள் இருக்கிறார்

தனியாகக் குடியிருந்த ரெஜினா, வீட்டில் ஆண் இருப்பதாகக் காட்டும் ஸ்பீக்கர் செட்டை மாற்றக் கடைக்குப் போனாள். பழையதில் இருமல் மட்டும்தான் வந்தது.

"பெரிய சப்வூஃபரா போடுங்கக்கா," என்றான் விற்பனையாளன். "அவரு நடந்தா கீழ்வீட்டு ஃபேன் ஆடும். யாராவது கதவைத் தட்டினா அவரே பதிலும் சொல்லிடுவாரு. எவனும் உங்க வாசல்ல நிக்க மாட்டான்."

வாங்கினாள். மாடிவீட்டுக்காரன் வாசலில் நின்று பேச்சுக் கொடுப்பது அன்றோடு முடிந்தது.

மூன்றாம் வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பை அசைக்க முடியவில்லை. கத்தினாள். எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"என்னம்மா ஆச்சு?"

ஹாலிலிருந்து ஆண்குரல் பதில் சொன்னது. "ஒண்ணுமில்லைங்க. நான் பாத்துக்கிறேன்."

"சரிங்க சார். நான் வேற பயந்துட்டேன்."

எதிர்வீட்டுக் கதவு மூடியது. ரெஜினா இன்னும் உரக்கக் கத்தினாள். கனத்த காலடிகள் ஹாலைக் கடந்து வந்து, குளியலறைக்கு வெளியே நின்றன.