சின்னத்தின் மேல் சந்தனம்

திவாலாகிப் பிழைத்த அந்த அமெரிக்கக் கார் கம்பெனி, பணத்துக்கு முன்பாகக் கௌரவத்தை மீட்டுக்கொண்டது. இனி அதன் சின்னத்தை எவர் மறைத்தாலும் வண்டி ஓடாது.

டெட்ராய்ட் புறநகரில், இரண்டாவது பிரசவத்தின் வலியில் துடித்த மனைவி தமயந்தியைப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டு, இளம்பரிதி ஸ்டார்ட் செய்தான். கார் நகரவில்லை; பேசியது.

“முன்புறச் சின்னம் மறைந்துள்ளது. பிராண்டின் மாண்பைக் காக்கவும்.”

காலையில்தான் புதுக்காருக்குப் பூஜை போட்டிருந்தார்கள். இறங்கி ஓடி, சின்னத்தில் அப்பியிருந்த சந்தனத்தைச் சட்டையால் தேய்த்தான். காய்ந்த சந்தனம் லேசில் வரவில்லை.

“என்னங்க, தாங்க முடியல!”

“இதோ ஆச்சும்மா!”

“மாண்பு இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை,” என்றது கார்.

“உன் மாண்புல இடி விழ!” என்று அலறினாள் தமயந்தி.

நகத்தால் சுரண்டி முடித்து அவன் கதவைத் திறந்தபோது, உள்ளே குழந்தை அழுதது.

விளம்பரத்தில் வரும் அதே குழைவோடு கார் சொன்னது: “எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு!”