ஆறு சதவீதம்

இறந்துபோன கணவரின் பழைய மடிக்கணினியில் நாற்பது மெயில்கள் அனுப்பப்படாமல் கிடந்தன. வைஃபை சேராமல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ரிப்பேர் கடைக்காரர் எப்படியோ ஏற்றிக் கொடுத்த சார்ஜில் ஆறு சதவீதம்தான் மிச்சம்; இனி ஏறாது.

“அதுல கீபோர்டு வேலை செய்யாது. சார் வச்சிருந்த அதே பேரு, அதே பாஸ்வேர்டு புது மோடத்துக்கும் வைங்கம்மா, அதுவா சேந்துக்கும்,” என்றார் அவர் போனில்.

சௌந்தரவல்லி கல்யாண நாளை வைத்துப் பார்த்தாள். மகன் பெயரை வைத்தாள். வண்டி எண், கடைசியில் குலதெய்வம்கூட. எதற்கும் மசியவில்லை. இரண்டு சதவீதம். சாதி மாறிக் கட்டிக்கொண்டாளென்று கணவர் தலைமுழுகிய மகளின் பெயரை, இந்த வீட்டில் உச்சரிக்கவே கூடாதென்று சொன்ன பெயரை, வைத்துப் பார்த்தாள்.

சேர்ந்துகொண்டது. முதல் மெயில் அவள் முகவரிக்கே கிளம்பியது. ஒரு சதவீதம்.

“சீக்கிரம் வாங்கிக்கடி!” என்று கத்தினாள்.